கோடியக்கரை சரணாலயத்துக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்ட எங்கள் ஊர் ஆட்களையே வழிகாட்டிகளாக அமர்த்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கோடியக்கரையில் தேநீர்க் கடை நடத்துபவர்,
மற்றும் இணைப்பில் கையொப்பமிட்டுள்ள கோடியக்கரை, கோடியக்காடு ஊர்மக்கள்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

நகல்:
வன உயிரினக் காப்பாளர் அவர்கள், நாகப்பட்டினம்.

பொருள்: கோடியக்கரை வன உயிரினச் சரணாலயம் – உள்ளூர் வழிகாட்டிகள் நியமனம் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோடியக்கரையில் டீக்கடை வைத்திருக்கிறேன். சரணாலயம் பார்க்க வருகிறவர்கள் போகும்போதோ திரும்பும்போதோ என் கடையில் ஒரு டீ குடிக்காமல் போவது அபூர்வம். அவர்கள் என்ன எதிர்பார்த்து வருகிறார்கள், என்ன பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது வடை சட்டிக்குப் பின்னால் நிற்கிற எனக்கு நன்றாகவே காதில் விழுகிறது. திரும்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "ஒன்றுமே இல்லையே அண்ணே, நாலு குதிரைதான் நின்றது."

இதைக் கேட்டுக் கேட்டு மனசு ஆறாமல்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

தாங்கள் அறியாதது இல்லை. 1967-ல் வெளிமானைக் காப்பதற்காகவே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. பறவை அறிஞர் சாலிம் அலி வந்து பார்த்த காடு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2002-ல் சேர்ந்தது. அதற்கப்புறம் 2022 வரைக்கும் தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்த ஒரே இடம் எங்கள் ஊர்தான். வங்காள விரிகுடா வளைந்து பாக் நீரிணைக்குள் திரும்புகிற மூக்கு நுனியில், ஒரு பக்கம் பாலை மரக் காடு, ஒரு பக்கம் புல்வெளி, ஒரு பக்கம் சேற்று நிலமும் உப்பளமும், அப்புறம் கடல் என்று எல்லாமே சைக்கிளில் சுற்றிவிடும் தூரத்தில் கிடக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒன்றுமே இல்லை என்று பெயர் வாங்குகிறோம்.

வருகிறவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். எந்த மாதம் எது இருக்கும், எந்த நேரம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. போன சித்திரையில் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. மத்தியானம் பன்னிரண்டரை மணி. சின்னப் பெண் கையில் பூநாரைப் படம் போட்ட நோட்டுப் புத்தகம். "பூநாரை எங்கே இருக்கு மாமா?" என்று என்னிடம் கேட்டது. சித்திரை வெயிலில் நான் அதற்கு எதைக் காட்டுவது? வடகிழக்குப் பருவமழையில் சேற்று நிலம் நிரம்பி, பிறகு தண்ணீர் கொஞ்சம் வடியும்போதுதான் பூநாரை கூட்டமாக இறங்கும். கார்த்திகை, மார்கழி, தை என்றால் பார்க்கலாம். மழை அதிகமாகித் தண்ணீர் ஆழமாக நின்றால் அந்த மாதங்களிலும் தள்ளித்தான் நிற்கும். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றை அரித்துத் தின்கிற பறவைக்கு முழங்கால் தண்ணீர்தான் வசதி. இதையெல்லாம் அந்தக் குழந்தையிடம் சொன்னேன். "மாமா சொல்றது நல்லா இருக்கு, ஆனா பார்க்கத்தான் முடியல" என்றது.

அதே குடும்பத்துக்கு அன்றைக்கு வெளிமானைக் காட்டியிருக்கலாம். கோடையில் பூநாரை இருக்காதே தவிர, மான் எங்கேயும் போய்விடாது. காலை ஒன்பது மணிக்குள், இல்லாவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் புல்வெளிப் பக்கம் சத்தம் போடாமல் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகுமாக நிற்பது கிடா. பழுப்பாக, கொம்பில்லாமல் கூட்டமாக மேய்வது பெட்டை. இரண்டையும் வேறு வேறு மிருகம் என்று நினைத்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். இரண்டு கிடாக்கள் தலையை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நடந்து ஒன்றை ஒன்று அளந்து பார்க்கும். அடிதடி வருமா வராதா என்று தெரியாத அந்த ஐந்து நிமிஷத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் வெயிலில் நிற்கலாம். மான் எங்கே நகர்கிறது, எந்தப் புதர் ஓரம் படுக்கும் என்பது இங்கே மாடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும்.

குதிரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் படம் எடுத்துப் போகிற அந்த மட்டக்குதிரைகள் காட்டு மிருகமே அல்ல. வீட்டுக் குதிரைகள் பல தலைமுறைக்கு முன்னால் அவிழ்த்துவிடப்பட்டுக் காட்டில் பெருகியவை. மான் தின்ன வேண்டிய புல்லை அவையும் தின்கின்றன. சரணாலயத்துக்கு வந்து, சரணாலயம் யாருக்காக இருக்கிறதோ அதைப் பார்க்காமல், அதன் பங்காளியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் நிலைமை.

வழிகாட்டி இல்லாததால் மனிதருக்கு மட்டும் நஷ்டம் என்றால் பரவாயில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வேன் தடத்தை விட்டு இறங்கிப் புல்வெளிக்குள் ஓடியது. மான் துள்ளிப் பாய்வதைப் படம் எடுக்க வேண்டுமாம். வெளிமான் குட்டி பிறந்த புதிதில் ஓடாது. தாய் தூரத்தில் மேயும், குட்டி புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். சக்கரம் போன வழியில் அன்றைக்குக் குட்டி எதுவும் இல்லாதது அதிர்ஷ்டம். வனத்துறைக் காவலர்கள் வந்து வண்டியை வெளியே அனுப்பினார்கள். ஆனால் அவர்களும் எத்தனை இடத்துக்கு ஓடுவார்கள்? தீ, வேட்டை, ஆமை முட்டை, நாய்த் தொல்லை என்று அவர்களுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அந்த வேனுக்குள் எங்கள் ஊர் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் டிரைவர் தடத்தை விட்டு இறங்கியே இருக்க மாட்டார்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். சரணாலயத்துக்குள் போகிற எந்த வண்டியும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் இல்லாமல் போகக் கூடாது என்று விதி செய்து, அந்த வழிகாட்டிகளை எங்கள் இரண்டு ஊர்களிலிருந்தும் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் அடையாள அட்டையும் தர வேண்டும்.

ஆள் கிடைக்குமா என்று தாங்கள் கேட்கலாம். அதற்குத்தான் உப்பளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் என்று சுற்றிலும் உப்பளம். தை பிறந்து வெயில் ஏறினால் வேலை. ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி எல்லாம் முழுகி வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளி வீட்டில் அடுப்பெரிவது எப்படி என்பது தனிக் கதை. சரியாக அதே மாதங்களில்தான் பறவை வருகிறது, பறவை பார்க்கிறவர்களும் வருகிறார்கள். இவர்களுக்கு வேலை இல்லாத காலமும் அந்த வேலைக்கு ஆள் தேவைப்படும் காலமும் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து வைக்க ஓர் அரசாணை போதும்.

அப்புறம், உப்புப் பாத்தியில் நிற்கிறவர்களைவிடப் பறவையை யார் அதிகம் பார்த்திருப்பார்கள்? கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், ஆலா எல்லாம் அவர்கள் கூடவே நாள் முழுக்க நிற்கிறவை. பூநாரை தூரத்தில் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி நிற்கும். பறந்தால்தான் இறக்கைக்குள் இருக்கும் சிவப்பு தெரியும். அது எந்தப் பக்கம் எழும்பும், காற்று எப்படி அடித்தால் கோவைத்திட்டுப் பக்கம் போகும் என்று எங்கள் பெண்கள் பாத்தியில் நின்றபடியே சொல்வார்கள். தெரியாதது பெயர்கள்தான். சேற்றில் ஓடுகிற சின்னப் பறவை எல்லாமே எங்களுக்கு 'உள்ளான்'. அதில் கொசு உள்ளான் என்று ஒன்று, கைப்பிடிக்குள் அடங்குகிற உடம்பை வைத்துக்கொண்டு சைபீரியாவின் பனிக்கரையிலிருந்து இங்கே வருகிறது என்பது எனக்கே, அடையாளத்துக்காகப் பறவையின் காலில் வளையம் போட வந்தவர்கள் கடையில் உட்கார்ந்து பேசும்போது தெரிந்ததுதான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல காலமாக இங்கே பறவைகளுக்கு வளையம் போட்டு வருகிறார்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டால் பயிற்சி தர மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இது நடக்காத காரியம் அல்ல. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைச் சரணாலயத்தில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களே பறவை காட்டுகிறார்கள். ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் மங்கலாஜோடி என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் பறவையைப் பிடித்து விற்றவர்கள் இன்றைக்குப் படகு தள்ளிக்கொண்டு போய்ப் பறவை காட்டிச் சம்பாதிக்கிறார்கள். அவர்களால் முடிந்தது எங்களால் முடியாதா?

கூலியை அரசு தர வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு நடைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து நுழைவுக் கட்டணத்தோடு வசூலித்து, முறை வைத்துப் பிரித்துக் கொடுத்தால் போதும். தேர்வில் பெண்களுக்குப் பாதி இடம் வேண்டும். இதை என் மனைவி எழுதச் சொன்னாள். எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஏனென்றால் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டாமல் மேய்க்க அவர்களால்தான் முடியும்.

வழிகாட்டி வந்தால் காட்டுவதற்கு மானும் பூநாரையும் மட்டுமல்ல. கோடையில் பாலைப்பழம் பழுத்தால் குரங்கும் வௌவாலும் படுத்தும் பாட்டைக் காட்டலாம். முனியப்பன் ஏரிக் கரையில் சாயங்காலம் நரி வரும். புரட்டாசி, ஐப்பசியில் ஆறுமணிக்குருவி இலங்கைக்குப் போகிற வழியில் இங்கே இறங்கும். ஒரு வருஷம் ஒன்று களைத்துப்போய் என் கடை பெஞ்சின் கீழேயே வந்து உட்கார்ந்தது. பச்சை, நீலம், சிவப்பு என்று அத்தனை வண்ணத்தையும் பார்த்துவிட்டு, யாரோ வளர்த்த கிளி தப்பி வந்திருக்கிறது என்று ஒருவர் பிடிக்கப் போனார். தையிலிருந்து பங்குனி வரை ராத்திரியில் பங்குனி ஆமை என்கிற கடல் ஆமை கரையேறி முட்டையிடும். வனத்துறை அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, நாற்பத்தைந்து, ஐம்பது நாள் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. ஆமைக் குஞ்சு வெளிச்சம் பார்த்து நகரும். கையில் செல்போன் விளக்கை அடித்துக்கொண்டு கடற்கரையில் திரிகிறவர்களால் அது திசை மாறிப் போகிறது. இதைச் சொல்லித் தடுக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

கூடவே இரண்டு சின்ன விஷயங்கள். நுழைவாயிலில் ஒரு கரும்பலகை வைத்தால் நல்லது. பெரிய செலவெல்லாம் வேண்டாம். மீன் ஏலக் கூடத்தில் விலை எழுதுகிற மாதிரி, இன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, பூநாரை எந்தப் பக்கம், மான் எந்தப் பக்கம் என்று தினமும் காலையில் வழிகாட்டிகளே சாக்பீஸால் எழுதிவிடுவார்கள். இல்லாத நாளில் இல்லை என்று எழுதட்டும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று, 2023-லிருந்து திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி அகல ரயில்பாதையில் ரயில் ஓடுகிறது. அந்த ரயில் நேரத்தை ஒட்டிக் கோடியக்கரைக்கு ஒரு பேருந்து இருந்தால், கார் இல்லாதவர்களும் இந்தக் காட்டைப் பார்ப்பார்கள்.

ஆடி, தை அமாவாசைக்குக் கடலாட வருகிற கூட்டம் விட்டுப்போகும் பிளாஸ்டிக் பற்றித் தனி மனு ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம். அதை இங்கே மறுபடி எழுதவில்லை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறிய ராத்திரி என் கடைக் கூரை பறந்தது. விடிந்து பார்த்தால் கூரை போனது பெரிதாகத் தெரியவில்லை. காடே படுத்துக் கிடந்தது. செத்த மான்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. அன்றைக்கு விழுந்த மரத்தை வெட்டி வழி விட்டவர்களும், அடிபட்ட பறவையைத் துணியில் சுற்றி வனத்துறையிடம் கொண்டு கொடுத்தவர்களும் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களைத்தான் வழிகாட்டிகளாக எடுக்கச் சொல்லிக் கேட்கிறோம்.

வருகிற ஐப்பசி மழைக்கு முன்னால் தேர்வும் பயிற்சியும் முடிந்தால் இந்தப் பறவைக் காலத்திலேயே தொடங்கிவிடலாம். அதற்கு முன் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்வையிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். காலை ஆறு மணிக்கு வந்தால் நாங்களே கூட்டிப்போய் வெளிமானைக் காட்டுகிறோம். அலுவல் முடித்துப் பத்து மணிக்கு மேல் வந்தால் குதிரைதான் நிற்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோடியக்கரை டீக்கடைக்காரர் மற்றும் ஊர்மக்கள்

இடம்: கோடியக்கரை
இணைப்பு: கையொப்பத் தாள்கள்