இணைக் கம்பிகளை வரையறையிலிருந்து இறக்கி வையுங்கள்

தமிழில் இயற்பியல் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும்,

வணக்கம். மின்னோட்டத்தின் அலகு ஆம்பியர். ‘ஆம்பியரை வரையறு’ என்ற வினாவுக்கு மனப்பாடமான விடை ஒன்று உண்டு: வெற்றிடத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் முடிவிலா நீளமுள்ள இரு இணைக் கடத்திகளில் பாய்ந்து, அவற்றுக்கிடையே மீட்டருக்கு 2 × 10⁻⁷ நியூட்டன் விசையைத் தரும் மின்னோட்டம். 1948 முதல் அதுதான் சரி. 2019 மே 20 அன்று அது காலாவதியாகிவிட்டது. அன்று முதல் அடிப்படை மின்னூட்டத்தின் (ஓர் எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு) மதிப்பு 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று நிலைநிறுத்தப்பட்டது. நொடிக்கு ஒரு கூலும் பாய்ந்தால் ஒரு ஆம்பியர்.

கம்பிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1820 செப்டம்பரில், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்ற எர்ஸ்டெட்டின் கண்டுபிடிப்பை அரகோ பாரிஸ் அறிவியல் கழகத்தில் செய்து காட்டினார். அதே மாதத்தில் ஆந்த்ரே மரீ ஆம்பியர், மின்னோட்டம் ஒரே திசையில் சென்றால் இணைக் கம்பிகள் ஈர்க்கும், எதிர்த்திசையில் சென்றால் விலக்கும் என்று காட்டினார். (ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும் என்று படித்துவிட்டு வரும் மாணவர் இதைத் தலைகீழாக எழுதுவது சகஜம். பாடத்தில் ஒரு வரி எச்சரிக்கை போதும்.) கம்பிகளுக்கு உரிய இடம் விசை பற்றிய அந்தப் பாடம்தான்.

அலகுக்குப் பெயர் வைத்தது ஆம்பியர் அல்ல. அவர் 1836இல் இறந்தார். பெயர் முடிவானது 1881இல், பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியலாளர் மாநாட்டில். அதற்கு முன் பிரிட்டனில் இதே அலகை ‘வெபர்’ என்றார்கள். ஜெர்மனியிலோ அதே பெயர் பத்து மடங்கு சிறிய ஓர் அலகுக்கு வழங்கியது. ஒரே பெயர், இரண்டு அளவு. வணிகத்துக்கும் ஆய்வுக்கும் தலைவலி. அதனால் ‘வெபர்’ கைவிடப்பட்டு ‘ஆம்பியர்’ வந்தது. ஜெர்மன் இயற்பியலாளர் வெபருக்குப் பின்னாளில் காந்தப் பாயத்தின் அலகில் இடம் கிடைத்தது.

மாணவர் கேட்கத் தயங்கும் கேள்விக்கும் விடை அந்தக் காலத்து அலகுகளில்தான் இருக்கிறது: அது ஏன் 2 × 10⁻⁷? செ.மீ.-கிராம்-நொடி முறையின் மின்காந்த அலகுகளில் வோல்ட்டை 10⁸ என்றும் ஓமை 10⁹ என்றும் வகுத்தார்கள். புழக்கத்தில் இருந்த மின்கலத்துக்கும் மின்தடைக்கும் பக்கத்தில் வரவேண்டும் என்பதே நோக்கம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் 0.1 ஆகிறது. அந்த முறையில் ஒரு செ.மீ. நீளத்தின் மீதான விசை, இரு மின்னோட்டங்களின் பெருக்கற்பலனை இரட்டித்து இடைவெளியால் வகுத்தது. 2 × 0.1 × 0.1 ÷ 100 = 2 × 10⁻⁴ டைன். ஒரு டைன் 10⁻⁵ நியூட்டன், ஒரு மீட்டர் 100 செ.மீ.; மாற்றிப் போட்டால் 2 × 10⁻⁷ நியூட்டன். பலகையில் நான்கு வரி.

முடிவிலாக் கம்பியை எந்த ஆய்வகத்திலும் கட்ட முடியாது. 1908இல் லண்டனில் ஏற்ற வரையறை வெள்ளி நைட்ரேட் கரைசலை நம்பியது: நொடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளி படிந்தால் ஒரு ஆம்பியர். 1948இல் ஒப்பிட்டபோது அது சுமார் 0.99985 ஆம்பியர்தான் என்று தெரிந்தது. அடுத்து வந்த கம்பி வரையறையை, தராசில் தொங்கும் கம்பிச் சுருள்களின் விசையை அளந்து நிறைவேற்றினார்கள். துல்லியம் ஒரு கோடியில் சில பங்குக்கு மேல் நகரவில்லை. இன்று பெரும்பாலும் எலக்ட்ரானை எண்ணுவதில்லை. மீக்கடத்திகளில் தோன்றும் ஜோசப்சன் விளைவால் வோல்ட்டையும், வலுவான காந்தப்புலத்தில் மெல்லிய குறைகடத்திகளில் தோன்றும் குவாண்டம் ஹால் விளைவால் ஓமையும் பெற்று, ஓம் விதியால் ஆம்பியரை எடுக்கிறார்கள்.

கணக்குகளில் எதுவும் மாறாது. விசைக் கணக்கில் வரும் வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன் (μ₀) 4π × 10⁻⁷ என்றே போடலாம். வேறுபாடு நூறு கோடியில் ஒரு பங்குக்குள்தான். ஆனால் அது ‘துல்லியமான மாறிலி’ என்று இனி அச்சிடக் கூடாது. இப்போது அது அளந்து அறியும் மதிப்பு. விடைக்குறிப்பில் மின்னூட்ட வரையறைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். கம்பி விடையை எழுதியவருக்கு, அடுத்த பதிப்பு வெளிவரும் வரை மதிப்பெண் குறைக்க வேண்டாம். அவர் படித்த பக்கத்தில் அப்படித்தான் இருந்தது.