பின்கோடு கூரியருக்கு மட்டும்தானா?

இணையத்தில் மரக்கன்றும் செடியும் விற்கும் நர்சரிக்காரர்களுக்கு,

வணக்கம். 623 என்று தொடங்கும் எங்கள் ராமநாதபுரம் மாவட்டப் பின்கோடைத் தட்டினால் 'டெலிவரி உண்டு' என்று உங்கள் தளம் உடனே சொல்லிவிடுகிறது. கன்று வந்து சேருமா என்பதற்கு அது பதில். வந்த கன்று இங்கே பிழைக்குமா என்பதையும் அதே பின்கோடை வைத்துச் சொல்லலாம். அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று இந்தக் கரை நெடுக எந்தச் செடி நிற்கும் என்பதை முடிவு செய்வது உப்பு. மணல்பாங்கான இடங்களில் மழைத் தண்ணீர், அடியில் இருக்கும் உப்பு நீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கும். ஆசைப்பட்டு ஆழமாக போர் போட்டால் உப்புதான் மேலே வரும். குடிப்பதற்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற எந்த வீட்டில் மனசு வரும்? கிணற்றில் இருப்பதைத்தான் ஊற்றுவோம்.

என் தங்கை ஒரு தளத்தில் அவகாடோ ஒட்டுக்கன்று வாங்கினாள். குறை சொல்ல முடியாத கன்று, பேக்கிங்கும் பிரமாதம். சில வாரத்தில் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. படம் எடுத்து அனுப்பினாள். 'தண்ணீர் போதவில்லை, தினமும் இரண்டு வேளை ஊற்றுங்கள்' என்று பதில் வந்தது. உப்பில் கருகும் செடிக்கு மேலும் உப்புத் தண்ணீர்! அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு வேரடியிலேயே தங்கிவிடும். மணலில் என்றால் விட்டு விட்டு நிறைய ஊற்றி உப்பைக் கீழே அலசி விடவேண்டும். உப்பைத் துளியும் பொறுக்காத மரங்களில் அவகாடோவும் ஒன்று என்பதை வாங்கும்போதே சொல்லியிருந்தால் பேச்சே இல்லை. மாற்றுக் கன்று தர நீங்கள் வைத்திருக்கும் கெடுவோ டெலிவரி ஆன சில நாளில் முடிந்துவிடுகிறது. உப்பு அவ்வளவு அவசரப்படாது.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு பாசனத் தண்ணீருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை உப்பு இருந்தால் பயமில்லை. 2000ஐத் தாண்டினால் கடுமையான கட்டுப்பாடு வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் இந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இன்று ஆர்.ஓ. ரிப்பேருக்கு வருபவரின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நாங்கள் எங்கள் தண்ணீரை அளந்துகொள்கிறோம். ஒவ்வொரு செடியின் விலைக்குக் கீழே, அது எவ்வளவு டி.டி.எஸ். வரை தாங்கும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தென்னை நார்க்கழிவில் வளர்த்து அனுப்புவது உங்களுக்கு எடை குறைய உதவும், சரி. ஆனால் நல்ல தண்ணீரில் அலசாத நார்க்கழிவிலேயே உப்பு உண்டு. எங்கள் மணலில் அந்த வேர்க்கட்டி ஒருமுறை காய்ந்துவிட்டால் மறுபடி நனைவதும் கஷ்டம்.

அப்புறம் ஆடித் தள்ளுபடி. ஆடிப்பட்டம் உங்கள் ஊருக்குச் சரியாக இருக்கலாம். இங்கே அது கச்சான் என்ற தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கும் காலம், நிழல்வலைக்குள் வளர்ந்த கன்று நிற்காது. எங்களுக்கு மழை ஐப்பசியில்தான். பிறகு வாடை வந்தால் வடகடல் பக்கத்து வீடுகளில் உப்புச் சாரல் இலையில் படியும். ஆகவே, முதலில் காற்றைத் தடுக்கும் மரம் வைத்து, அதன் மறைவில்தான் மற்றதை வைக்கவேண்டும். அதற்கான பூவரசும் புன்னையும் தாழையும் உங்கள் தளங்களில் தேடித் தேடித்தான் கிடைக்கின்றன. பூச்செடி கேட்பவருக்கு ரோஜாவைக் காட்டுகிறீர்கள். அரளியும் காகிதப்பூவும் இங்கே தம் பாட்டுக்கு வளரும்.

'கடற்கரைக்கு ஏற்றது, வேகமாக வளரும்' என்ற விளம்பரத்தோடு வருவது பெரும்பாலும் கோனோகார்பஸ் என்ற மரம். உப்பைத் தாங்கும், உண்மைதான். அதன் மகரந்தம் ஒவ்வாமை தரும், வேர் சாக்கடையையும் கேபிளையும் கெடுக்கும் என்று குஜராத் அரசு 2023இல் அதற்குத் தடை போட்டது. எதையும் தாங்கி வேகமாக வளரும் மரம் எங்களுக்குப் புதிதல்ல. சீமைக்கருவேலம் விறகும் கரியும் தந்தது, மறுக்கவில்லை. கண்மாயையும் வயலையும் அது வளைத்துக்கொண்ட பிறகு, 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டும் இன்னும் வெட்டி மாளவில்லை. கோனோகார்பஸை எங்கள் பின்கோடுக்குக் காட்டாதீர்கள்.

டி.டி.எஸ். வரியைப் புரட்டாசிக்குள் சேர்த்துவிட்டால் நல்லது. இந்தப் பக்கம் கன்று வைக்க நினைப்பவர்கள் ஆர்டர் போடுவது அப்போதுதான்.

இப்படிக்கு,
உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்