214ஆம் இலக்கச் சீவல்

கிளிநொச்சி
2024 ஆவணி 12

அன்பு மகனுக்கு,

அப்பாவின் பாறைச் சீவல்களையும் நுண் உயிர்ச்சுவடுகளையும் ஏன் உன்னிடம் ஒரு சொல் கேளாமல் நூதனசாலைக்குக் கொடுத்தேன் என்று தொலைபேசியில் கேட்டாய். அன்று எனக்கும் கோபம் வந்துவிட்டதால் பதில் ஒழுங்காக வரவில்லை. ஆறுதலாக எழுதுகிறேன்.

கொடுத்தவை 611 கண்ணாடிச் சீவல்களும் 43 கண்ணாடிக் குழாய்களும் ஒரு கொப்பியும். சீவல் செய்வதை நீ சிறுவயதில் பின்விறாந்தையில் இருந்து பார்த்திருக்கிறாய். வெட்டிய கல்துண்டைக் கனடா பால்சம் என்னும் பிசினால் கண்ணாடியில் ஒட்டி (நீ இருக்கும் நாட்டு மரத்தின் பிசின்தான் அது), கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு, 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்கு வரும்வரை அப்பா தேய்த்துக்கொண்டே இருப்பார். அளவுகோல் எதுவும் வைப்பதில்லை. நுணுக்குக்காட்டியில், ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடும் இரண்டு முனைவாக்கிகளையும் குறுக்காக வைத்துப் பார்த்து, குவாட்ஸ் என்னும் கனிமத்தின் மணிகள் மஞ்சள் காட்டினால் இன்னும் தடிப்பு என்பார்; மஞ்சள் போய்ச் சாம்பல் கலந்த வெள்ளையானதும் கையை எடுத்துவிடுவார். ஒரு சுற்று கூடினால் கல்லே கரைந்துபோய் வெறுங்கண்ணாடி மிஞ்சும். அப்படி மிஞ்சியவற்றின் கணக்கு எனக்குத்தான் தெரியும்.

உயிர்ச்சுவடுகள் பெரும்பாலும் என் கைவேலை. பூநகரிப் பக்கம் கிணறு தோண்டும்போது சுண்ணக்கல்லுக்கு இடையில் வரும் மென்மையான களியை அப்பா பையில் கட்டிக்கொண்டு வருவார். அதை ஊறவைத்து, 63 மைக்ரோன் அரிதட்டில் கழுவிக் காயவைத்து, தூரிகையின் நுனியை நனைத்து, நுணுக்குக்காட்டியின் கீழே ஒவ்வொரு போராமினிபெராவாக நான் பொறுக்குவேன். ஒரே கலமுள்ள கடல் உயிரொன்று தனக்கெனக் கட்டிய சுண்ண ஓடு அது. சிலது நத்தைபோலச் சுருண்டிருக்கும், சிலது அடுக்கி வைத்த உருண்டைகள்போல இருக்கும். சுமார் 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்தில் இந்தப் பக்கம் ஆழம் குறைந்த கடலாக இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. தெற்கே போகப்போகச் சுண்ணக்கல் முடிந்து பழைய உருமாறிய பாறை தலைகாட்டும். சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்த அந்தப் பாறைகளுக்குப் புவிச்சரிதவியலாளர் வைத்திருக்கும் பெயரே வன்னித் தொகுதி. நம் ஊர்ப்பெயர் அப்படி ஓர் இடத்தில் ஏறியதில் அப்பாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

2008 ஐப்பசியில் நாங்கள் வெளிக்கிட்டபோது பெட்டியைப் பொலித்தீனால் சுற்றிப் பனையடியில் புதைத்ததும், கொப்பியை மட்டும் காணி உறுதியோடும் உங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடும் நான் பையில் வைத்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். முகாமில் இருந்தவரை அந்தப் பை என் தலைமாட்டிலேயே கிடந்தது. திரும்பி வந்து தோண்டியபோது கறையான் எல்லாக் கடதாசியையும் தின்றிருந்தது. பொறுக்கி ஒட்டிய மட்டைகள் மண்ணாகிவிட்டன; குழாய்களில் அடைத்து வைத்த மிச்சம்தான் தப்பியது. ஆனால் கண்ணாடி ஒவ்வொன்றிலும் அப்பா வைரமுனையால் கீறியிருந்த இலக்கத்தைக் கறையானால் ஒன்றும் செய்ய முடியவில்லை. குழாய்களிலும் அப்படியே. அந்த இலக்கத்துக்கு எதிரே எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்தத் திகதி என்பது கொப்பியில் இருந்தது. கொப்பி இல்லாவிட்டால் அவை வெறும் கண்ணாடித் துண்டுகள்.

நூதனசாலையிலிருந்து வந்த பிள்ளை பெட்டியைத் திறக்குமுன் கொப்பியைத்தான் கேட்டாள். அதைக் கண்டதும் என் மனம் ஆறியது. மரப்பெட்டியும் சாதாரண மட்டையும் மெல்ல மெல்ல விடும் அமில ஆவி சுண்ண ஓடுகளை அரித்துவிடும் என்றும், அமிலமில்லாத மட்டையில் ஈரம் படாமல் வைப்போம் என்றும் சொன்னாள். நம் வீட்டு மாரிகால ஈரத்தை நீ மறந்திருக்க மாட்டாய்.

அவள் சொன்ன இன்னொன்றையும் கேள். சலெஞ்சர் என்ற பிரித்தானியக் கப்பல் 1872 முதல் 1876 வரை கடலில் சேர்த்த போராமினிபெரா ஓடுகளை, 2009 முதல் 2016 வரை சேர்த்தவற்றோடு அண்மையில் ஒப்பிட்டிருக்கிறார்கள். இக்காலத்து ஓடுகள் மெலிந்திருந்தன. சிலவற்றில் 76 வீதம் வரை. கடல்நீரில் அமிலத்தன்மை கூடுவதோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அன்று அள்ளியவர்கள் இதற்காகவா அள்ளினார்கள்? அப்பா களி எடுத்த கிணறுகளில் சில இன்று தூர்ந்துவிட்டன. ஒன்றின் மேல் கடை எழும்பியிருக்கிறது. திரும்ப எடுக்க முடியாததை என் அலுமாரியில் பூட்டி வைக்க எனக்கு உரிமையில்லை என்று பட்டது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்பது சரிதான். கேட்டால் மறிப்பாய் என்ற பயத்தில் கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொப்பியில் சீவல்களுக்கு 612 பதிவுகள் இருக்க, பெட்டியில் ஒன்று குறைந்தது. 214 எங்கே என்று அந்தப் பிள்ளை கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே எடுத்த கல். முனைவாக்கிகளைக் குறுக்காக வைத்து நுணுக்குக்காட்டி மேடையைச் சுழற்றச் சுழற்ற மற்ற மணிகளெல்லாம் நிறம் மாற, நடுவில் கார்னெட் என்னும் கனிமம் மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்பாகவே நிற்கும். 2012இல் நீ போகும்போது அப்பாவே உன் சட்டைப்பையில் வைத்துவிட்டார். அவர் தந்ததை நான் திருப்பிக் கேட்பது முறையல்ல என்று உனக்குத் தோன்றலாம். என்றாலும் கேட்கிறேன், பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள்.

தபாலில் போடாதே. தைப்பொங்கலுக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடு. ஸ்பிரிட்டால் துடைக்காதே, பிசினுக்கு அது ஆகாது. மெல்லிய துணியில் சுற்றி, இரண்டு தடித்த மட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டு. இலக்கம் கீறிய பக்கம் மேலே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா