என் மகனின் பீச்சாங்கைக்கு உதவியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எங்கள் வீட்டு அடுக்களை மேசையிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை, என் மகன் வீடு வீடாக வந்து படித்துக் காட்டி அர்த்தம் சொல்வான். அவனுக்கும் தமிழ் வாசித்த மாதிரி இருக்கும். நேரில் சொல்லலாம் என்று வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு. பெயர் சொல்லியே கூப்பிடு என்று பத்துத் தடவை சொல்லிவிட்டீர்கள். எண்பது வயதுக்காரரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? எனக்கு வாய் வரவில்லை. 2023 மார்ச் 30 அன்று எங்களை ட்ரோபிகானா ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானத்துக்கு முதன்முதலாக அழைத்துப் போனது நீங்கள்தான். டாம்பா பே ரேஸ் அணிக்கு சீசனின் முதல் ஆட்டம், எதிரணி டெட்ராய்ட் டைகர்ஸ். ரேஸ் என்றால் ஏதோ ஓட்டப்பந்தயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். திருக்கை மீனுக்கும் சூரியக் கதிருக்கும் சேர்த்து வைத்த பெயர் என்று சொல்லி, மைதானத்துக்குள்ளேயே இருந்த தொட்டியில் திருக்கையைத் தொட்டுப் பார்க்கவும் வைத்தீர்கள். அன்று 4-0 என்று ஜெயித்தோம். ஒரே ஆட்டத்தில் நான் 'ஜெயித்தோம்' என்று பேச ஆரம்பித்துவிட்டேன்!

அன்றைக்குப் பந்தெறிந்தவர் ஷேன் மெக்லானஹன், இடக்கைக்காரர். என் மகனும் இடக்கை. ஊரில் என் மாமியார் அவனுடைய சோற்றுக்கையை மாற்றப் படாத பாடு பட்டார். தட்டில் அந்தக் கை போனாலே 'பீச்சாங்கையை எடுடா' என்பார். அந்தக் கைக்கு இந்த ஊரில் இவ்வளவு கிராக்கி என்பது எனக்குப் புதிய சேதி. பேஸ்பாலில் இடக்கைப் பிட்சர், அதாவது இடக்கையால் பந்தெறிபவர், கிடைத்தால் விடமாட்டார்கள்.

அப்புறம் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். முதல் ஒன்பது ஆட்டங்களையும் நான்கு ரன்னுக்குக் குறையாத வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். தொடர்ந்து 13 வெற்றி. 1982-ல் அட்லாண்டா பிரேவ்ஸும் 1987-ல் மில்வாக்கி ப்ரூவர்ஸும் தொட்ட கணக்கு அது. சொந்த மைதானத்தில் முதல் 14 ஆட்டமும் நமக்கே. வீட்டில் சாம்பார் அடிப்பிடித்தால்கூட யாரும் கோபப்படவில்லை, அப்படி ஒரு ஏப்ரல்.

ஆனால் அந்தப் பதின்மூன்றாவது ஆட்டத்திலேயே, ஏப்ரல் 13 அன்று, நம் பிட்சர் ஜெஃப்ரி ஸ்பிரிங்ஸ் நான்காவது இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அவரும் இடக்கைக்காரர். நாங்கள் 9-3 வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். தாத்தா மட்டும் தொலைக்காட்சியைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஸ்பிரிங்ஸுக்கு அறுவை சிகிச்சை முடிந்து சீசனும் முடிந்தது. மே மாதம் ட்ரூ ராஸ்முசன் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எறிந்தார். மறுநாளே காயப்பட்டியலில் அவர் பெயர்.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் இரண்டு அணிகளில் ஆடிக்கொண்டிருந்தான். ஒன்று நம் பேட்டை அணி. இன்னொன்று காசு கட்டிச் சேர்த்த அணி, பெயர் வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது, 66 தொட்டாலே நான்கு நாள் ஓய்வு என்று விதி இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அணியும் தன் பந்தைத்தான் எண்ணும். இரண்டையும் கூட்ட வேண்டியவள் நான். கூட்டவில்லை. ரேஸ் ஜெயிக்கிற ஜோரில், பையன் எறியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் மாதம் அவன் வலது கையால் சாப்பிட ஆரம்பித்தான். வீடியோ அழைப்பில் பார்த்த மாமியாருக்கு ஒரே சந்தோஷம். 'பாத்தியா, ஒருவழியா திருந்திட்டான்' என்றார். நானும் சிரித்தேன். இடது முழங்கையை மடக்கினால் வலிக்கிறது, அதனால்தான் கை மாறியது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. இப்போதும் அந்தத் தட்டை எடுத்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

கண்டுபிடித்தது பேட்டை அணியின் கோச். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆட்டம். அவன் கையில் பந்தைக் கொடுக்கப் போனவர், 'நேற்று எங்கேயாவது எறிந்தாயா?' என்று கேட்டீர்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். எத்தனை பந்து என்றீர்கள். எழுபது என்றான். பந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கையை நீட்டு, மடக்கு என்று பார்த்தீர்கள். பாதி மடக்கியதுமே அவன் முகம் சொல்லிவிட்டது. அன்று அவனை ஆடவிடவில்லை. நாம் தோற்றோம். சில பெற்றோர் உங்களைக் கண்டபடி பேசினார்கள். நீங்கள் என் பெயரையும் சொல்லவில்லை, அந்த இன்னொரு அணியையும் சொல்லவில்லை. வேலை முடிந்து ஓசியில் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற மனிதர் நீங்கள். அந்த ஏச்சை நான் வாங்கியிருக்க வேண்டும்.

முதலில் போன கிளினிக்கில் சதைப்பிடிப்பு என்று சொல்லி ஐஸ் வைக்கச் சொல்லி அனுப்பினார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம். இரண்டாவதாகப் பார்த்த எலும்பு மருத்துவருக்குத்தான் நன்றி. நீங்கள் இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, உள்பக்க எலும்பு வளர்கிற இடத்தில் இடது பக்கம் மட்டும் இடைவெளி விரிந்திருப்பதைப் பென்சில் முனையால் காட்டினீர்கள். எனக்கில்லை, அவனுக்குக் காட்டினீர்கள். பெரியவர்களுக்கு அந்த இடத்தில் நார் கிழியும், உனக்கு இன்னும் எலும்பு இளசு, அதனால் எலும்பு இழுபடுகிறது, ஓய்வு கொடுத்தால் கூடிவிடும் என்றீர்கள். அவன் கேட்ட ஒரே கேள்வி, 'எனக்கும் டாமி ஜான் செய்வீர்களா?'

அதற்கு நீங்கள் சிரிக்காமல் பதில் சொன்னதற்காகத் தனியாக ஒரு நன்றி. டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானின் முழங்கை நார் 1974-ல் அறுந்ததையும், ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் மற்றக் கையிலிருந்து ஒரு நாணை எடுத்து அங்கே கட்டியதையும், அவர் 1976-ல் திரும்பி வந்து 1989 வரை எறிந்ததையும் பொறுமையாகச் சொன்னீர்கள். பிறகு, 'உனக்கு அது தேவையில்லை. தேவைப்படாமல் வைத்துக்கொள்வது உன் அம்மா கையில் இருக்கிறது' என்றீர்கள். சரிதான்.

எதிர்வீட்டு அக்காவுக்கு என்ன எழுத? வாரம் இரண்டு நாள், என் ஷிப்ட் நேரத்தில், அவனைப் பிசியோதெரபிக்கு ஏற்றிப் போய் ஏற்றி வந்தீர்கள். பெட்ரோல் காசு கொடுத்தால் முறைத்தீர்கள். பொடி தடவிய இட்லி டப்பாவோடு காரில் காத்திருந்ததை அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கும் நன்றி. கைக்கு வந்தவனை ஒற்றைக் காலில் நிற்கவும் இடுப்பைத் திருப்பவும் வைத்தே ஒரு மாதம் ஓட்டினீர்கள். காலும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலையை முழங்கை தனியாகச் செய்திருக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

பந்தைத் தொடக் கூடாத அந்த வாரங்களில் அவன் யாரோடும் பேசவில்லை. ரேஸுக்கும் நேரம் சரியில்லை. ஜூலையில் 8 வெற்றி, 16 தோல்வி. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி பட்டியலில் முன்னே போய்விட்டது. ஆகஸ்டில் மெக்லானஹனுக்கே முழங்கை அறுவை சிகிச்சை, அதுவும் இரண்டாவது முறை. அன்று அவன் சாப்பிடவே இல்லை, எந்தக் கையாலும்.

அன்று சாயங்காலம்தான் தாத்தா உங்கள் ஸ்கோர் புத்தகத்தோடு வந்தீர்கள். மைதானத்தில் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்: பிட்சருக்கு 1, கேட்சருக்கு 2, ஷார்ட்ஸ்டாப்புக்கு 6. மட்டையை வீசாமல் நின்றபடியே மூன்றாவது ஸ்ட்ரைக்கில் அவுட்டானால் ஆங்கில 'கே' எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட வேண்டும். பேனா கூடாது, பென்சில்தான். 'எறியாதவனும் ஆட்டத்தில்தான் இருக்கிறான்' என்று சொல்லி, ஒரு மஞ்சள் பென்சிலை அவன் வலது கையில் வைத்தீர்கள். இடது கைக்காரன் வலது கையால் கிறுக்கிய முதல் பக்கத்தை யாராலும் படிக்க முடியாது. கோச் அடுத்த ஆட்டத்திலிருந்து அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, எல்லாப் பிள்ளைகளின் பந்து எண்ணிக்கையையும் அவனிடமே ஒப்படைத்தீர்கள். இப்போது எண்ணிக்கை நெருங்கினால் அவன் போடும் சத்தம் எதிரணிக்கே கேட்கிறது.

இதைப் படிக்கப் போகாத ஒருவருக்கும் நன்றி: ஜாக் லிட்டெல். மே மாதம் பாஸ்டன் அணி வேண்டாம் என்று விட்டவரை ரேஸ் எடுத்துக்கொண்டது. ஒன்றிரண்டு இன்னிங்ஸ் மட்டும் எறிந்துகொண்டிருந்த அவர், கைகள் ஒவ்வொன்றாகப் போனதும் ஜூலைக் கடைசியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரானார். நம் யான்டி டியாஸ் பந்தடிப்பதில் .330 சராசரியோடு அமெரிக்கன் லீக்கில் முதலாவதாக வந்ததைவிட, என் மகனுக்கு லிட்டெலைத்தான் பிடிக்கும்.

இத்தனை கை போயும் 99 வெற்றி. ஓரியோல்ஸ் 101. அக்டோபர் 3, செவ்வாய்க்கிழமை மதியம், பள்ளிக்கு மட்டம் போட்டு (ஆசிரியர் மன்னிக்கவும்) டெக்சாஸ் ரேஞ்சர்ஸுடன் பிளேஆஃப் (நாக்-அவுட்) சுற்றின் முதல் ஆட்டத்துக்குப் போனோம். வந்தவர்கள் 19,704 பேர். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். ஒருவர் மாட்டுமணியை ஆட்டினால் எதிர்ப்பக்கம் வரை கேட்டது. நம் ஆட்கள் நான்கு பிழை செய்தார்கள், 4-0 தோல்வி. மறுநாள் 7-1, அத்தோடு சீசன் முடிந்தது. அந்த ரேஞ்சர்ஸ்தான் கடைசியில் கோப்பையையும் வாங்கினார்கள் என்பதில் அவனுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

முதல் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில்தான் கவனித்தேன், அவன் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தான். முழங்கையை மடக்கி, புத்தகத்தின் மேல் கவிழ்ந்து, ஒன்பதாவது பூஜ்யத்தை நிதானமாகப் போட்டான்.

தாத்தா, அந்தப் பென்சில் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கட்டை விரல் நீளம்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறோம், பழையதை அவன் தரமாட்டானாம்.

அன்புடன்,
இடக்கைக்காரனின் அம்மா