ஸ்பான்சா மாளிகைக்கு அரை மணி நேரம் கொடுங்கள்

ஐரோப்பா குரூப் டூர் நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பெயர் போடவில்லை, யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் குரோஷியா நாட்டு டுப்ரோவ்னிக் நகரத்தில் உங்கள் மஞ்சள் கொடிக்குப் பின்னால் ஓடியவர்களில் நானும் அப்பாவும் உண்டு.

அப்பா முப்பத்தெட்டு வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். ஸ்பான்சா மாளிகை முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். கீழே தூண்கள் மேல் அரைவட்ட வளைவுகள், நடு மாடியில் கூர்முனை வைத்து இழைத்த, கோதிக் என்கிற பழைய பாணி ஜன்னல்கள், அதற்கும் மேலே அலட்டலே இல்லாத நீள்சதுர ஜன்னல்கள், அது அப்போது புதுசான மறுமலர்ச்சிக் காலத்துப் பாணி. "ஒரே செவுரு, ரெண்டு கை வேலை மாதிரி இருக்கேடா" என்றார். 1516-இல் தொடங்கி 1522-இல் முடித்தார்கள். பழசை விட மனசில்லை, புதுசும் வேண்டும். 1667 நிலநடுக்கத்தில் ஊரே இடிந்தபோதும் இது நின்றது. தூணில் கல்லும் கல்லும் சேருமிடத்தில் அப்பா நகத்தை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார், உங்கள் வழிகாட்டி விசில் அடித்துவிட்டார். மொத்தம் நான்கு நிமிடம்.

அப்புறம் ஒரு டிவி தொடரில் வந்த படிக்கட்டில் போட்டோ எடுக்க நாற்பது நிமிடம் வரிசை. நகரத்துக்கே 1 மணி 50 நிமிடம்தான் என்று வைத்துவிட்டு, சாம்பார் சாதம் கிடைக்கும் ஓட்டலுக்குப் போய்வர மட்டும் இரண்டு மணி நேரம். சாம்பார் எங்கள் தெருவிலேயே கிடைக்கும் ஐயா. பதினான்கு நாளில் பத்து நாடு என்று விளம்பரம் செய்கிறீர்கள், அதில் பாதி நாட்டை நாங்கள் பஸ் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பான்சாவுக்கு அரை மணி நேரம், உள்முற்றத்தையும் சேர்த்து. அது சுங்க மாளிகையாக இருந்தது. சரக்கை எடை போட்ட இடத்தில் வளைவின் மேல் லத்தீனில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: எங்கள் எடைக்கற்கள் ஏமாற்றவும் விடாது, ஏமாறவும் விடாது, நான் சரக்கை நிறுக்கும்போது கடவுள் என்னை நிறுக்கிறார். நாங்கள் கட்டிய பணத்துக்கு நீங்கள் தந்ததையும் அந்தத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். அடுத்த குழு கிளம்புவதற்குள் அந்த அரை மணி நேரத்தை அட்டவணையில் சேர்த்துவிடுங்கள், தயவுசெய்து.

படிக்கட்டு போட்டோ வாட்ஸப்பில் வந்து சேர்ந்தது, நன்றி. அதில் அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
முழுப் பணமும் கட்டிய ஒரு பயணி