பாதியில் நிற்கும் படங்கள்: மோல்மீன் நண்பனுக்கு ஒரு கடிதம்

ரங்கூன்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம். இங்கே மழை விட்டபாடில்லை, கரண்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது என்று படித்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். தேதி குறித்ததும் எழுது.

பெரிய ஓவியர்களைப் பார்த்து விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தும் வாட்டர்கலர் படம் முடியவில்லை என்கிறாய். எழுந்திருக்கும் நேரத்தை விடு, எந்தக் கட்டத்தில் கை நிற்கிறது என்று பார். நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் பென்சில் வேலை முடிந்திருக்கிறது, வானமும் ஆகிவிட்டது. சல்வீன் ஆற்றங்கரையின் இருட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டாய். ஜன்னல் கம்பி வரை பென்சிலிலேயே போட்டுவிட்டால் பிரஷ்ஷுக்கு என்ன மிச்சம்?

முதலில் 2 அங்குலத்துக்கு 3 அங்குலம் கட்டம் நாலு போட்டு, ஒவ்வொன்றிலும் படத்தைச் சின்னதாகப் போட்டுப் பார். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். வெள்ளை, நடுத்தரம், இருட்டு என்று மூன்றே டோன். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிய தாளில் பெரிய வடிவங்களை மட்டும் கோடு போடு. வானம் பூசிக் காய்ந்ததும், படத்திலேயே மிக இருண்ட இடத்தில் ஒரு சிறு துண்டை உடனே வைத்துவிடு. வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும். அந்த இருட்டு பக்கத்தில் இருந்தால்தான் மற்ற டோன்களை அளக்க முடியும். உன் பயமும் அங்கேயே தீர்ந்துவிடும்.

வர்ணம் மூன்று போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, எல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சள். முதல் இரண்டையும் கலந்தால் மழைவானத்துச் சாம்பல். தண்ணீரைக் குறைத்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. குன்றுமேல் இருக்கும் பகோடாக் கோபுரத்துக்குத் தங்கப் பெயின்ட் வாங்காதே, பார்க்கச் சகிக்காது. வெயில் படும் விளிம்பைத் தாளின் வெள்ளையாகவே விடு, உடம்புக்கு ஓக்கர், நிழலுக்குச் சியன்னாவில் துளி நீலம். பின்னால் வானம் கறுத்திருந்தால் தங்கம் தானாக மின்னும்.

படத்தில் காலிஃபிளவர் மாதிரி பூத்துப்போகிறது என்றாயே, அது அவசரம். பாதி காய்ந்த பூச்சில் ஈரப் பிரஷ் பட்டால் புதுத் தண்ணீர் வர்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும். புறங்கையை வைத்துப் பார். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். மே முதல் அக்டோபர் வரை உங்கள் ஊரில் ஒரு பூச்சு காய்வதற்குள் பொறுமை போய்விடும், அதனால் இரண்டு படத்தைச் சேர்த்தே தொடங்கு. ஒன்று காயும்போது மற்றதில் கை வை. தாளைப் பிளாஸ்டிக் பையில், ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வை. ஈரத்தில் கிடந்தால் மேலிருக்கும் பசைப்பூச்சு கெட்டு, வர்ணம் ஒற்றுத்தாளில் இறங்குவதுபோல் திட்டுத்திட்டாக இறங்கும். அந்தத் தாளைத் தேற்ற முடியாது. குழந்தைகளுக்குக் கொடுத்துவிடு.

யாரையாவது பார்த்துப் பழகத்தான் வேண்டுமென்றால், 1920-களில் லண்டனில் படித்துத் திரும்பிய பர்மிய ஓவியர் ஊ பா ஞான் படங்களைப் பிரதி எடு. டோன் நன்றாகப் பிடிபடும்.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தொடங்கிய நேரம், எதை முதலில் பூசினாய், எங்கே நின்றாய் என்று பென்சிலால் எழுது. அடுத்த படத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்று. இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. பத்துப் படமாவது சேரட்டும். கையெழுத்து புரிகிற மாதிரி எழுதிப் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்