வைரஸ் போனது சரி, செல் என்ன ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் கீழாநெல்லி பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'ஆய்வகச் சோதனையில் 99 சதவீத வைரஸை அழித்தது, மூலிகை என்பதால் பக்கவிளைவுக்கு இடமில்லை.' நடுவில் இருக்கிற அந்தக் கமாவைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. முன்பாதிக்காவது ஏதோ சோதனை நடந்திருக்கிறது, பின்பாதிக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை போலிருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவள் நான். ஒரு தடவை ஒரு செடியின் எக்ஸ்ட்ராக்ட் வந்தது. வைரஸ் தொற்றிய செல்கள் இருந்த தட்டில் மில்லிக்கு 200 மைக்ரோகிராம் வீதம் விட்டோம், வைரஸ் அறவே இல்லை, அறை முழுக்க ஒரே சந்தோஷம். தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், அடியில் ஒட்டி விரிந்து கிடக்க வேண்டிய வீரோ செல்கள் (குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்ப்பவை) உருண்டு, சுருங்கி, கழன்று மிதக்கின்றன. உயிருள்ள செல்லுக்குள் மட்டும் பெருகுகிற ஒன்று செத்த செல்லில் எப்படிப் பெருகும்? பினாயில் விட்டிருந்தாலும் இதே ரிசல்ட்தான் வந்திருக்கும், அதுவும் 100 சதவீதம்.

இதில் இன்னொரு கூத்து. செல் பிழைத்திருக்கிறதா என்று பார்க்க எம்டிடி என்ற மஞ்சள் சாயம் விடுவோம், உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். இந்த எக்ஸ்ட்ராக்ட், தட்டில் செல்லே இல்லாத காலிக் குழியையும் ஊதாவாக்கிவிட்டது, அதிலிருந்த பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்கள் செய்த வேலை. காலிக் குழியிலும் விட்டுப் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்காவிட்டால் 'செல்லுக்குப் பாதிப்பில்லை' என்று ரிப்போர்ட் போயிருக்கும். அதற்காக நான் வாங்கிய திட்டு தனிக்கதை.

உங்களுக்குத் தெரியாததா? வைரஸைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு வேண்டும், செல்களில் பாதியைக் கொல்ல எவ்வளவு போதும் என்று இரண்டு எண்கள் உண்டு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதுதான் செலக்டிவிட்டி இண்டெக்ஸ். அது 10-ஐத் தாண்டினால்தான் எங்கள் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கட்டுரையில் இந்த இரண்டு எண்ணும் இல்லை. தண்ணீரில் எடுத்த சாறா, மெத்தனாலில் எடுத்ததா என்றுகூட இல்லை. தட்டில் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் என்றால், 5 லிட்டர் ரத்தத்தில் அதே அளவு இருக்க 500 மில்லிகிராம் அப்படியே ரத்தத்தில் நிற்க வேண்டும். குடலும் கல்லீரலும் அதை விட்டுவைக்குமா?

அப்புறம் அந்தப் படம். சிவந்த தண்டு, காயில் சொரசொரப்பு. அது சிவப்புக் கீழாநெல்லி ஐயா, கட்டுரை சொல்லும் செடியின் காய் வழவழப்பாக இருக்கும். படம்தானே என்று நினைக்க வேண்டாம். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்கும் மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில், பெயர் ஒற்றுமையால் அரிஸ்டோலோக்கியா இனச் செடி சேர்ந்துபோய், நூற்றுக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. அதுவும் மூலிகைதான்.

கீழாநெல்லி மேல் எனக்குக் கோபம் இல்லை. 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மருந்து சாப்பிட்ட 37 ஹெபடைடிஸ் பி காரர்களில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் (தொற்று இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. எழுதுவதென்றால் இரண்டையும் எழுத வேண்டாமா?

என் அத்தான் இரண்டு மாதம் ஏதோ ஒரு மூலிகைக் கேப்ஸ்யூல் சாப்பிட்டு, கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் படுத்தார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் 'எதுவும் இல்லை' என்றார் மனிதர். அவரைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லையே! தலையணைக்கு அடியில் இருந்த டப்பாவை அக்கா எடுத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நிறுத்தியதும் கல்லீரல் எண்கள் மெல்ல இறங்கின.

போன வருடமும் இதே மாதிரி ஒரு கட்டுரைக்கு எழுதினேன். 'அருமையான கட்டுரை' என்ற என் முதல் இரண்டு சொல்லை மட்டும் பிரசுரித்தீர்கள், நன்றி. அடுத்து வந்த 'ஆக வேண்டியது, ஆனால்' மட்டும் எப்படியோ உதிர்ந்துவிட்டது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் ஓரமாக ஒரு வரி: 'இது செல்களில் மட்டும் செய்த சோதனை, மனிதர்களில் அல்ல.' கூடவே படத்தையும் மாற்றிவிடுங்கள். சரியான செடியை, காய் தெரிகிற மாதிரி எடுத்த படம் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். என் பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்